சோம்பல் இல்லை ஐயா, ஸ்கேனருக்கு டிரைவர் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் கணினிப் பக்கத்தில், 'புதிய விண்டோஸுக்கு இன்னும் மாறாதவர்கள் பெரும்பாலும் சோம்பலால்தான் மாறவில்லை' என்று ஒரு வரி வந்திருந்தது. அந்த வரியை நாலு தரம் படித்தேன். காரைக்குடியில் செராக்ஸ், ஸ்கேன், டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். காலை எட்டரைக்கு ஷட்டரைத் தூக்கினால் இரவு ஒன்பதுக்குத்தான் இறக்குவேன். இருபது வருஷமாக உங்கள் வாசகன். இந்த வார்த்தையை உங்களிடமிருந்து எதிர்பார்க்கவில்லை.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு நின்றுவிடும் என்று நீங்களும்தான் எழுதினீர்கள். என் கணினி 2016-ல் வாங்கியது. விண்டோஸ் 11 ஏற டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும்; என்னுடையது ஆறாம் தலைமுறை. சரி என்று கடன் வாங்கிப் புதுசே வாங்கிவிட்டேன். சோம்பேறி செய்கிற வேலையா இது?

மறுநாளே பக்கத்து ஊரான பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி வந்தார். அவருடைய அப்பச்சி (அப்பா), ஆத்தா (அம்மா) கல்யாணத்துக்கு எழுதிய இசைகுடிமானத்தை, அதாவது நகரத்தார் கல்யாண ஒப்பந்தப் பத்திரத்தைப் பழைய துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். மடித்த இடமெல்லாம் நைந்து, விரித்தால் பொடியாக உதிர்கிறது. உருளைக்குள் இழுக்கும் மெஷினில் விட்டால் கிழிந்துவிடும், என் ஏ3 ஸ்கேனரின் கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்து ஒரே தடவையில் எடுத்தால்தான் உண்டு. வைத்து மூடியைச் சாத்தினேன். புதுக் கணினியில் ஸ்கேனர் பெயருக்குப் பக்கத்தில், வேலை செய்யாது என்று காட்டும் மஞ்சள் முக்கோணம். 'போன மாசம் எங்க பக்கத்து வீட்டுக்கு எடுத்துக் குடுத்தீகளே தம்பி' என்றார் ஆச்சி. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, காகிதத்தைத் திரும்பவும் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிப் போனார். எனக்கு அன்றைக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

ஸ்கேனரைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருள்தான் டிரைவர். ஸ்கேனர் கம்பெனி விண்டோஸ் 7-ஓடு டிரைவர் போடுவதை நிறுத்திவிட்டது, போட்டதும் 32 பிட் என்ற பழைய வகைக்கு மட்டும். அதற்காகவே பழைய கணினியில் 10-ஐ 32 பிட்டில் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது, அது 64 பிட் மட்டும்தான்; 64 பிட் விண்டோஸ் 32 பிட் டிரைவரை உள்ளே விடாது. கம்பெனிக்குப் போன் செய்தால் 'மாடல் பழசு சார், வேற வாங்கிக்குங்க' என்கிறார்கள். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை, லைட் எரிகிறது, மோட்டார் ஓடுகிறது, அதை எதற்குக் குப்பையில் போட வேண்டும்?

2007-ல் விண்டோஸ் விஸ்டா வந்தபோதும் இதே கதைதான். பல கருவிகளுக்கு டிரைவர் தயாராகாமலே விற்பனைக்கு வந்தது, என் பிரிண்டர் மூன்று மாதம் சும்மா கிடந்தது. ஊரே அதற்கு முந்தைய எக்ஸ்பியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்கு அதுவும் ஒரு காரணம், அப்போதும் குற்றம் எங்கள்மேல்தான். அப்புறம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்த கல்யாணப் பத்திரிகை ஃபைல்கள், இன்றைய பொது எழுத்து முறையான யூனிகோடுக்கு மாறாமல் நாங்கள் பட்ட பாட்டைப் பற்றி இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டையும் நீங்கள் போடவில்லை.

கடைசியில், கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகன் வந்து பழைய கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டான். அதில் ஸ்கேனர்களை ஓட்டும் 'சேன்' என்ற மென்பொருள் இருக்கிறது, பெரும்பாலும் தன்னார்வலர்கள் எழுதியது. அரை மணியில் ஸ்கேனர் ஓடியது. காசு வாங்காதவர்கள் செய்து கொடுத்ததைக் காசு வாங்கிய கம்பெனி செய்யவில்லை. எழுதுவதாக இருந்தால் அதை எழுதுங்கள் ஐயா.

நான் கேட்பது சின்ன விஷயம்தான். அடுத்த இதழில் நாலு வரியில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள்: புதுக் கணினி வாங்கும் முன் பிரிண்டர், ஸ்கேனர் மாடல் நம்பரைக் குறித்துக்கொண்டு, கம்பெனி தளத்தில் விண்டோஸ் 11-க்கான 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்று பார்க்கவும், இல்லாவிட்டால் பழைய கணினியை விற்றுவிட வேண்டாம்.

பள்ளத்தூர் ஆச்சியின் போன் நம்பரை அன்று வாங்கி வைக்கவில்லை. அவர் வீட்டில் யாராவது இதைப் படித்தால், அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். இப்போது எடுத்துத் தர முடியும், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
செராக்ஸ் கடை வைத்திருக்கும் வாசகன்,
காரைக்குடி