51 கிலோ ஆளுக்கு உங்கள் ஸ்போர்ட் பைக்கின் ஷொக்கை யார் செட் பண்ணித் தருவது?

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

ஐயா அல்லது அம்மணி,

இது நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் "உங்கள் முறைப்பாடு பதிவு செய்யப்பட்டுள்ளது" என்ற ஒரே பதில்தான் வந்தது, ஒவ்வொரு தரமும் புதிய இலக்கத்தோடு. இதற்கும் ஓர் இலக்கம் போட்டு மூடிவிடாமல் யாராவது கடைசி வரி வரை வாசித்தால் நன்றி.

நான் 51 கிலோ. ஹெல்மெட், ஜக்கெட், சப்பாத்து, மதியச் சாப்பாட்டுப் பை எல்லாவற்றோடும் நெல்லுக்கடைத் தராசில் ஏறி நின்றால் 55. பைக் எடுத்த அன்றே இதைச் சொன்னேன். "முதல் சேர்விஸில் உங்கட பாரத்துக்கு ஏத்த மாதிரி வச்சுத் தருவாங்க" என்றார் விற்பனையில் நின்ற தம்பி. அவர் மரியாதையான பிள்ளை, அவரில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முதல் சேர்விஸில் ஒயிலை மாற்றிக் கழுவித் தந்தார்கள். அவ்வளவுதான்.

உங்கள் மொடலின் பின் ஷொக்கில் (அதிர்வு தாங்கியில்) ஸ்பிரிங்கை அழுத்தி வைக்கிற ப்ரீலோட் வளையம் ஏழு படி, படி ஏற ஏற இறுகும். கம்பனியிலிருந்து நாலாம் படியில் வருகிறது. உங்களுக்குத் தெரியாததா! அந்தப் படியில் பைக் என்னை ஏற்றிக்கொண்டு போகவில்லை, எறிந்துகொண்டு போனது. நான் தினமும் ஆரையம்பதியிலிருந்து கல்முனைக்கு வேலைக்குப் போகிறவன். ஓந்தாச்சிமடப் பாலமும் கல்லாற்றுப் பாலமும் வந்தால் சீற்றை விட்டு எழும்பித்தான் போக வேண்டும். பிரேக் பிடித்தால் பின் டயர் தரையில் பிடிக்காமல் துள்ளும். ஷொக் அமராததால் சீற்றும் உயர்ந்தே நிற்கும். எனக்கு இரண்டு காலும் நுனி விரலில்தான் எட்டும். கல்முனைச் சந்தியில் சிக்னலுக்கு நின்ற இடத்திலேயே சரிந்து விழுந்தேன். பார்த்தவர்கள் சிரித்ததை விடுங்கள், இடது பக்கப் பெயரிங் (பிளாஸ்டிக் மூடி) போய்விட்டது.

இரண்டாவது சேர்விஸில் கேட்டேன், இளக்கித் தாருங்கள் என்று. வளையம் திருப்புகிற கொக்கிச் சாவி அங்கே இல்லை. பைக்கோடு வர வேண்டிய சாவியும் என் டூல் பையில் இல்லை (புத்தகத்தில் படம் மட்டும் இருக்கிறது). ஒரு பொடியன் ஸ்குரூ டிரைவரை வளையத்தில் வைத்துச் சுத்தியலால் அடித்தான். அடித்தான், அடித்தான், கடைசியில் ஆறாம் படி. இளக்கச் சொன்னால் இறுக்கித் தந்திருக்கிறான்! துள்ளுது என்று சொன்னதற்கு, அமர்ந்த ஷொக் திரும்பி மேலே வருகிற வேகத்தைக் கட்டுப்படுத்துகிற ரீபவுண்ட் ஸ்குரூவையும் முழுக்க உள்ளே திருகிவிட்டான். அப்படிச் செய்தால் ஒரு குழியில் அமர்ந்த ஷொக் மேலே வந்து சேர முதலே அடுத்த குழி வந்துவிடும். அமர்ந்தபடியே அடி மேல் அடி வாங்கும். இதற்கெல்லாம் மேலே, "கொஞ்சம் மெதுவா இருக்கும்" என்று புத்தகத்தில் 33 என்று போட்டிருக்கும் பின் டயரில் காற்றை 22க்கு இறக்கிவிட்டான். களுதாவளை வளைவில் பைக் பாம்பு மாதிரி நெளிந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அன்று எனக்கு ஏதும் நடந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? "முறைப்பாடு பதிவு செய்யப்பட்டுள்ளது" என்றா?

மன்னிக்க வேண்டும், கோபத்தில் எழுதுகிறேன். விஷயத்துக்கு வருகிறேன்.

கொழும்பு ஹொட்லைனில் பேசியவரின் பெயரை எழுத விரும்பவில்லை. நாளும் நேரமும் உங்களிடம் பதிவில் இருக்கும். என் எடையைச் சொன்னதும் அவர் சொன்னது: "தம்பி, நல்லாச் சாப்பிட்டு ஒரு பதினைஞ்சு கிலோ ஏத்துங்க. பைக் தானாச் சரி வரும்." பின்னால் இன்னும் இரண்டு பேர் சிரிப்பது கேட்டது. ஐயா, நான் சாப்பிடுகிறவன்தான். எங்கள் வீட்டில் எல்லோரும் இந்த உடம்புதான். அது உங்கள் கம்பனியின் பிரச்சினை இல்லை. ஷொக்தான் உங்கள் பிரச்சினை. வளையத்தின் படம் அனுப்பினால் அதே ஆள் "அடிபட்ட அடையாளம் இருக்கு, வாரன்டி கிடைக்காது" என்கிறார். அடித்தது உங்கள் பொடியன்! சேர்விஸ் பில் என் கையில் இருக்கிறது.

பிறகு அவரே, தலைமை வேலைத்தலத்துக்குக் கொண்டு வரச் சொல்லித் திகதி தந்தார். இரண்டு நாள் லீவு போட்டேன். விடியப்புறம் மூன்று மணிக்கு வெளிக்கிட்டு, மின்னேரியாப் பக்கம் யானைக்கு நின்று, ஹபரணை, தம்புள்ளை, குருணாகல் என்று முந்நூறு கிலோமீற்றருக்கு மேலே அந்த ஆறாம் படியிலேயே வந்து சேர்ந்தால் கேற் பூட்டு. காவலாளி சிங்களத்தில், "அத போயா நே மல்லி" என்றார். நீங்கள் தந்த திகதி போயா தினம், பௌர்ணமி விடுமுறை! கலண்டரை நீயும் பார்த்திருக்கலாம் என்று அம்மா இன்றைக்கும் சொல்லுவா, அது வேறு கதை. அந்தக் காவலாளி இருக்கச் சொல்லி ஒரு பிளேன்டி தந்தார். பைக் வாங்கிய நாளிலிருந்து உங்கள் வாசலில் எனக்குக் கிடைத்த சேவை அது ஒன்றுதான்.

திரும்பி வந்து மூன்று நாள் குனிய முடியவில்லை. வயது 26, நாரி அறுபது வயதுக்காரனுடையது. பெற்றோல், லீவு, பெயரிங், எண்ணெய் பூசிய செலவு எல்லாம் கூட்டினால் இரண்டு லட்சத்துக்குக் குறையாது. மன உளைச்சலைச் சேர்த்தால் உங்கள் பைக்கின் விலையே வரும்.

கடைசியில் நாங்களே அளந்தோம். அத்தானும் தம்பியும் பைக்கின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்க, தச்சு வேலை செய்கிற மாமா அச்சிலிருந்து சீற்றுக்குக் கீழே போட்ட குறி வரை டேப் பிடித்தார். பிறகு பைக்கை இறக்கி ஒரு தரம், நான் முழு உடுப்போடு ஏறி இருந்து ஒரு தரம். கல்லாற்றில் ஒரு கராஜ்காரரிடம் கொக்கிச் சாவி இரவல் வாங்கி, நாலாம் படியில் வைத்துப் பார்த்தால் பைக் தன் பாரத்தில் 4 மில்லிமீற்றர் அமர்கிறது, என்னோடு 16. முதலாம் படியில் தன் பாரத்தில் 18, என்னோடு 30.

இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை. ஆளோடு 30 நல்ல அளவுதான். ஆனால் ஆள் இல்லாமல் 5 முதல் 10 வரைதான் இருக்க வேண்டும். 18 என்றால், என்னோடு 30 வருவதற்கே வளையத்தை அளவுக்கு மேல் இளக்க வேண்டியிருக்கிறது, அதாவது ஸ்பிரிங் எனக்குக் கடினம் என்று அர்த்தம். வளையத்தைத் திருப்பினால் பைக் நிற்கிற உயரம் மாறும், ஸ்பிரிங் இளகாது. இதைத்தான் ஹொட்லைன்காரருக்கு நாலு தரம் சொன்னேன். அவர் பதினைஞ்சு கிலோவிலேயே நிற்கிறார்.

ஆகவே தயவு செய்து எனக்கு வேண்டியதைக் கேளுங்கள். இந்த மொடலுக்கு இதைவிட மென்மையான பின் ஸ்பிரிங் கம்பனியில் இருக்கிறதா, இல்லையா? இருந்தால் விலை என்ன? இல்லையென்றால் இல்லை என்று எழுத்தில் தாருங்கள், நான் வெளியில் பார்க்கிறேன், அதற்காக வாரன்டியை வெட்டக் கூடாது. என்னை ஏற்றி வைத்து அளந்து முன் ஃபோர்க்கையும் ரீபவுண்டையும் சரி செய்யத் தெரிந்த ஒருவரை மட்டக்களப்புக்கு அனுப்புங்கள். அடிபட்ட வளையத்தை உங்கள் செலவில் மாற்றுங்கள். டூல் பையில் வராத கொக்கிச் சாவியும் வேண்டும். அந்த ஹொட்லைன்காரர் போன் எடுத்து ஒரு "சொறி" சொன்னால் போதும், அவரை வேலையை விட்டு நிறுத்தச் சொல்லவில்லை.

14 நாள் பார்ப்பேன். பிறகு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குத்தான் போவேன். 1977க்கு அழைத்தால் போன் எடுக்கிறார்கள், உங்கள் ஹொட்லைன் மாதிரி இல்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தையும் ஒரு சட்டத்தரணி நண்பர் எடுத்து வைத்திருக்கிறார். பில்லும் படங்களும் டேப் அளவுகளும் ஃபைலில் இருக்கின்றன. ஆனால் அதுவரைக்கும் போக எனக்கும் விருப்பமில்லை. பைக் நல்ல பைக். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

ஆளை அனுப்புவதாக இருந்தால் வருகிற புதன்கிழமை வசதி. அன்று போயா இல்லை, கலண்டரில் பார்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
ஆரையம்பதி.