தம்பிக்கு அம்மா எழுதுறது

தம்பி,

நல்லாருக்கியா. மருமக நல்லாருக்காளா, பாப்பாவுக்கு சளி விட்டுச்சா. போன் பண்ணா பனியன் கம்பெனில இருக்கேன் அப்புறம் கூப்புடுறேன்னு வச்சிர்ற, அந்த அப்புறம் வரவே மாட்டேங்குது, அதான் வாட்சப்புல உக்காந்து டைப் பண்றேன். அங்கன்வாடி சென்டர்ல பிள்ளைகள தூங்க வச்சாச்சு, ஆயாம்மா பாத்திரம் கழுவிக்கிட்டு இருக்கு. நீளமா போகும், பாதில விட்றாத.

மூன்றரை மாச ஊசி இந்த மாசக் கடைசி புதன்கிழமை வருது. ஒன்றரை மாசமும் ரெண்டரை மாசமும் இங்க நான் கூட நின்னு போட்டதுனால கவலை இல்ல, இது அங்க திருப்பூர்ல போடணும். அதுக்குள்ள கூட்டிட்டுப் போகாதடா அஞ்சு மாசம் இருந்துட்டு வரட்டும்னு அவங்கம்மாவும் சொன்னாங்க நானும் சொன்னேன், நீ தீபாவளி முடிஞ்ச கையோட கூட்டிட்டுப் போய்ட்ட, சரி அது போகட்டும். பிரைவேட்டுக்கு மட்டும் தூக்கிட்டுப் போகாத. நிமோனியாவுக்கு போடுற பிசிவி ஊசி ஒண்ணுக்கே அங்க ஆயிரக்கணக்குல வாங்குறாங்க, அதே ஊசிய கவர்மெண்ட்ல ஒன்றரை மாசம், மூன்றரை மாசம், ஒம்பது மாசம்னு மூணு தடவையும் சும்மா போடுறாங்க. கார்டு பேரையூர்ல போட்டதா இருந்தாலும் உங்க ஏரியா சுகாதார நிலையத்துல போடுவாங்க, மாசமா இருந்தப்ப பதிஞ்ச பிக்மி நம்பரக் காட்டு. போட்டு கம்ப்யூட்டர்ல ஏத்தச் சொல்லிட்டு வா, ஏத்துனாதான் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிப் பணத்துல அடுத்த தவணை மருமக அக்கவுண்டுக்கு வரும். 18,000னு சொல்றதுல பணமா வர்றது 14,000, மிச்சம் ரெண்டு சத்துப் பெட்டகமா வந்துருச்சு, அதுல இருந்த பேரிச்சம்பழத்தையும் நெய்யையும் பாதி நீதான் தின்னுருப்ப எனக்குத் தெரியும்.

அவளோட ஈஎஸ்ஐ பிரசவப் பணம் என்னாச்சு? ரெண்டு தடவ கேட்டுட்டேன் ம்ம்னு மட்டும் சொல்ற. ஏழாம் மாசம் வரைக்கும் செக்கிங்ல நின்ன புள்ள, சம்பளத்துல புடிச்சது இருக்குல்ல. முன்னாடி ரெண்டு ஆறு மாசக் கணக்குல 70 நாளுக்குக் கொறையாம அவ பேர்ல கட்டியிருந்தா 26 வாரத்துக்கு முழு சம்பளம் ஈஎஸ்ஐல இருந்து வரணும், அது யாரும் போடுற பிச்சை இல்ல. கம்பெனி கட்டலைன்னா கட்டலைன்னு சொல்லட்டும், ஈஎஸ்ஐ ஆபீஸ்ல அவ நம்பரப் போட்டா எத்தன நாளுன்னு தெரிஞ்சிரும். ஒரு நாள் லீவு போட்டு போய்ட்டு வா. இப்பதான் வேலையே நாலு நாள்தானே, ஒரு நாள் போறதுக்கு என்ன.

இன்னொண்ணு, பெருசா ஒண்ணுமில்ல. போன வாரம் ஒருத்தன் எனக்கு போன் பண்ணான். உன் பேரச் சொல்லி நீங்க யாரு அவருக்குன்னு கேட்டான், தமிழும் இந்தியும் கலந்து பேசுனான். நான் ராங் நம்பர்னு வச்சிட்டேன். உனக்கு எதாவது தெரியுமான்னு கேக்கத்தான்.

சரி செலவ சொல்றேன். நீங்க ரெண்டு பேரும் ஒன்றரை ஷிப்ட் பாத்தப்ப வாரம் ஒம்பதாயிரத்துக்குக் கொறையாம வந்துச்சு, இப்ப உன் ஒருத்தன் சம்பளம், அதுவும் ஒரு ஷிப்ட், மூவாயிரம் தேறுனா பெருசு. அமெரிக்காக்காரன் 2025 ஆகஸ்ட்ல இங்கருந்து போற துணிக்கு 50 சதவீதம் வரியப் போட்டதுக்கு நீ என்ன பண்ணுவ, டிவில திருப்பூர்னு வந்தாலே உங்கப்பா சவுண்ட கூட்டுறாரு. உன்னக் குத்தம் சொல்லல. ஆனா சனிக்கிழமை சம்பளத்துல ஒரு வில்லங்கம் இருக்கு, அது வாரச் சம்பளம், வாடகை மாசக் கணக்கு. நாலு வாரமும் கையில காசு இருக்குற மாதிரியே தெரியும், ஒண்ணாந்தேதி ஓனர் வந்து நிக்கயில 5,500க்கு எங்க போறது. அதனால ஒவ்வொரு சனிக்கிழமையும் கவர வாங்குன ஒடனே வாடகைக்கு 1,400 எடுத்து மருமக கையில குடுத்துரு, உன் பாக்கெட்ல வைக்காத. இந்த நவம்பர்ல அஞ்சு சனிக்கிழமை வருது, அந்த அஞ்சாவது வாரத்த தொடாம வை, கம்பெனி லீவு விடுற வாரத்துக்கு ஆகும்.

கரண்டுக்கு ஓனர் யூனிட்டுக்கு இவ்ளோன்னு தனியா வாங்குறார்ல, 100 யூனிட் இலவசம் உங்களுக்கா அவருக்கான்னு ஒரு நாள் பணிவா கேளு, சண்டை போடாத, பச்சப்புள்ளைய வச்சிக்கிட்டு வேற லைன் வீடு தேட முடியாது.

ரேஷனுக்கு இன்னும் உன் பேரு எங்க கார்டுலதான் கெடக்கு. கல்யாணம் ஆனப்பவே எடுத்துட்டு தனிக் கார்டு எழுதிப் போடுன்னு சொன்னேன், பேர எடுத்தா என்னமோ எங்கள விட்டுப் போற மாதிரின்னு சிரிச்ச. அப்ப எனக்கும் அது பிடிச்சிருந்துச்சு, விட்டுட்டேன். இப்ப எடு. அரிசி சும்மா, துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் 25, கடையில என்ன விக்குதுன்னு உனக்கே தெரியும். கேஸ் புக்கோட போய் இ-சேவைல எழுதிப் போட்டுரு. மருமகளயும் பாப்பாவயும் பக்கத்து அங்கன்வாடில பதிஞ்சு வை, பால் குடுக்குற தாய்க்கு சத்துமாவு உண்டு, ஆதார் போதும். கேவலம்னு நெனைக்காத, உங்கம்மா வாழ்க்கை பூரா அதத்தான் அளந்து போட்டுருக்கேன், நீ அத உருண்டை புடிச்சுத் தின்னு வளந்தவன்.

பால் டப்பா வாங்காத. வாங்கிட்டியா? ராத்திரி பாப்பா அழுகுதுன்னு மருமக சொன்னா, அதுக்குப் பால் பத்தலன்னு அர்த்தம் இல்ல. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் ஒண்ணுதான், தண்ணி கூட கெடையாது. டப்பா ஆரம்பிச்சா சின்ன டப்பா அஞ்சு நாளு தாங்காது, அது குடிக்க குடிக்க இவளுக்கு சுரக்குறதும் கொறையும், அப்புறம் டப்பாவே கதி. அந்தக் காசுக்கு அவளுக்கு முட்டையும் கருவாடும் வாங்கிப் போடு. நீ சாப்பிட்டு மிச்சத்த அவ சாப்பிடுறான்னு வச்சிக்காத, மொதல்ல அவளப் பாரு. பேம்பர்ஸ் ராத்திரிக்கு ஒண்ணு போதும், பகல்ல துணிதான், உங்கப்பா பழைய வேட்டி நாலக் கிழிச்சு வச்சிருக்கேன்.

நீ கட்பீஸ்ல தச்ச அந்த மஞ்சக் கலர் ஜப்லா போட்டோவ சென்டர்ல எல்லார்கிட்டயும் காட்டுனேன். கழுத்துல உறுத்தாம எலாஸ்டிக் வச்சு தச்சிருக்கான் பாருங்கன்னு சொன்னேன், சூப்பர்வைசர் மேடமே கடையில வாங்குனதுன்னு நெனச்சிட்டாங்க. பத்தாவதோட நின்னுட்டான்னு உன்னப் பேசுன வாயெல்லாம் இப்ப பவர் டேபிள் தையல் மிஷின்ல எம்புட்டு சம்பளம்னு கேக்குது. எனக்குப் பெருமைதான்டா. ஆனா தீபாவளிக்கு எனக்கு எடுத்த சேலை, அக்கா மகனுக்கு எடுத்த செட்டு, அது எந்தக் காசுன்னு இப்பத்தான் ரோசன வருது. போனஸ் வந்துச்சும்மான்னு சொன்ன. உன்கூட வேல பாக்குற நம்ம ஊர்ப் பயலுக பாதிதான் வந்துச்சுன்னு சொல்றானுக. எனக்கு சேலை யார் கேட்டா.

அந்த போன் விஷயம். நம்ம மகளிர் குழுவுல ஒருத்தியோட மகன், பேரு வேணாம், போன்ல ஒரு லோன் ஆப்புல 5,000 கடன் கேட்டுருக்கான். கைக்கு வந்தது 3,000தான், மிச்சத்த பீஸ்னு புடிச்சிக்கிட்டானுங்க. ஏழாம் நாள் 5,000 கட்டணும்னு நிக்கிறானுங்க. அதக் கட்ட இன்னொரு ஆப்பு, அதக் கட்ட இன்னொண்ணு, கடைசில அவன் போன்ல இருந்த அத்தன நம்பருக்கும் போன் பண்ணி அசிங்கமா பேசுறானுங்க, போட்டோவ மாத்தி அனுப்புவோம்னு மெரட்டல் வேற. அந்த 3,000த்த நகைய வச்சு கூட்டுறவு சொசைட்டில வாங்கியிருந்தா ஒரு வருசத்துக்கே முன்னூறு சொச்சம்தான் வட்டி, அவனுங்க ஒரு வாரத்துக்கு 2,000 தின்னுட்டானுங்க. குழு மீட்டிங்குக்கு வந்த பேங்க்காரம்மாகிட்ட நான்தான் எந்திரிச்சு கேட்டேன், யாருக்கோ கேக்குற மாதிரி. அவங்க சொன்னது, 2022லயே ரிசர்வ் பேங்க் ரூல் போட்டுருச்சாம், ஆப்புக்காரன் உன் போன்ல இருக்குற நம்பர எடுக்கவே கூடாது, எந்த பேங்க், எந்த பைனான்ஸ் கம்பெனி பணம்னு சொல்லியாகணும், வசூலுக்குக் கூப்புடுறவன் காலைல எட்டுக்கு முன்னாடியும் சாயங்காலம் ஏழுக்கு அப்புறமும் கூப்புடக் கூடாது. பின்னாடி பேங்க்கே இல்லாத ஆப்புன்னா அது கடன் இல்ல திருட்டு, மெரட்டுனா சைபர் போலீஸ் நம்பர் 1930க்கு போன் பண்ணி சொல்லணும், போலீஸ் கேவலமா நெனைக்குமோன்னு பயப்படக் கூடாது.

எனக்கு அந்த போன் வந்தது ராத்திரி ஒம்பதரைக்கு.

நீ வாங்கிருக்கேன்னு நான் சொல்லல. யாரோ வாங்கி உன் நம்பரக் குடுத்துருக்கலாம். உன்கூட ரூம்ல இருந்தானே அவனா இருக்கும். ஒரு கடன அடைக்க இன்னொரு கடன் வாங்காதன்னு மட்டும் சொல்லு அவன்கிட்ட, ஏற்கனவே சொல்லிட்டேன், திரும்பவும் சொல்றேன், ஒண்ண அடைக்க இன்னொண்ணு வாங்கக் கூடாது. மருமககிட்ட மறைக்கக் கூடாதுன்னும் சொல்லு. பால் குடுக்குற புள்ள, ராத்திரி உன் போன் வைப்ரேட்டாகி நீ எந்திரிச்சு வெளிய போறத அவ பாக்காமயா இருப்பா. எங்கிட்ட அவ ஒண்ணும் சொல்லல, நீ அவளக் கேக்காத.

என் ரெண்டு பவுன் செயின் அத்துப் போச்சு, பத்த வைக்க குடுத்துருக்கேன்னு உங்கப்பாகிட்ட சொல்லிருக்கேன். அவரு பிரஷர் மாத்திரை கூட்டி எழுதிக் குடுத்துருக்காங்க, இதெல்லாம் அவருக்கு வேணாம். செயின் சொசைட்டில இருக்கு, பணம் என் அக்கவுண்டுல இருக்கு. உன் பிரண்டு எந்தெந்த ஆப்புல எவ்ளோ கேட்டான், கைக்கு எவ்ளோ வந்துச்சு, எவ்ளோ கட்டிட்டான், அத்தனையும் பேப்பர்ல எழுதி போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு. ஒண்ணையும் விடாம எழுதணும், ஒண்ண மறைச்சா பணம் அனுப்ப மாட்டேன். அதுல எது பேங்க்கோடது எது திருட்டுன்னு அந்த பேங்க்காரம்மாகிட்ட நானே போய் காட்டிக் கேக்குறேன், கட்ட வேண்டியத கட்டிரலாம், மத்ததுக்கு 1930தான். சொசைட்டி வட்டிய அவன் மாசம் இவ்ளோன்னு எனக்கு அனுப்பிரட்டும், வேல சரியாகுற வரைக்கும் நான் அசல கேக்க மாட்டேன்.

காலைல போன் உங்கப்பா கையில இருக்கும், செய்தி பாப்பாரு. மத்தியானம் ஒண்ணரைக்கு மேல அனுப்பு, அப்ப சென்டர்ல இருப்பேன். வேட்டித் துணியும் கம்பு மாவும் வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ல குடுத்து விடுறேன், கண்டக்டர் நம்பர் அனுப்புறேன், பஸ் ஸ்டாண்டுல நின்னு வாங்கிக்க. ஊசி போட்டா பாப்பாவுக்கு அன்னைக்கு ராத்திரி காய்ச்சல் அடிக்கும், பயப்படாதீங்க, நர்ஸ் குடுக்குற சொட்டு மருந்த அவங்க சொன்ன அளவுதான் குடுக்கணும், ஊசி போட்ட எடத்துல எதையும் தேய்க்க வேணாம்னு மருமககிட்ட சொல்லு.

அம்மா