வேலை நாள் கணக்கு உயிருக்குப் பொருந்தாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆத்தங்குடியில் மூன்று தலைமுறையாக டைல்ஸ் பட்டறை நடத்துகிற குடும்பம் எங்களுடையது. கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றிக் கையால் போடும் கல். சூளைக்குப் போகாது, தண்ணீரில் ஊறித்தான் இறுகும். இணைய முகவரிகளுக்கான உலக விதியைப் பற்றிப் பட்டறைக்காரனுக்கு என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். தை மாதம் வரை நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை கோயம்புத்தூரிலிருந்து ஓர் அம்மையார் அழைத்து, "முன்பணம் முப்பதாயிரம் கட்டிவிட்டேன், லாரி எப்போது வரும்?" என்றார். எனக்கு ஒரு ரூபாயும் வரவில்லை. அவர் சொன்ன இணைய முகவரியைத் திறந்தால் இருப்பது என் பட்டறைதான். படத்தில் கல்லைத் தூக்கிப் பிடித்திருப்பதும் என் கைதான். கட்டைவிரல் நகம் பாதி இல்லாத கை. முகவரியில் மட்டும் ஓர் எழுத்து கூடுதல். ஆத்தங்குடியை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். திருடனுக்கு அது வசதியாகப் போயிற்று.

அவரை உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழைக்கச் சொன்னேன். அதனால் பதினோராயிரம் தப்பியது. மறுநாள் காவல் துறையின் சைபர் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த உதவி ஆய்வாளர் பொறுமையான மனிதர். அந்த முகவரி யார் பெயரில் இருக்கிறது என்று தேடிக் காட்டினார். பெயர், ஊர், தொலைபேசி என்று எல்லா இடத்திலும் 'தனியுரிமை கருதி மறைக்கப்பட்டது' என்றே வந்தது. பதிவு செய்து கொடுத்தது ஒரு வெளிநாட்டு நிறுவனம். அவர் எழுதிய மின்னஞ்சலுக்குப் பத்தொன்பதாம் நாள் பதில் வந்தது: 'நீங்கள் காவல் துறைதான் என்பதற்கு ஆதாரம் அனுப்பவும்.' அதற்குள் திருடன் கடையைக் கட்டிவிட்டிருந்தான்.

என் தாத்தா பர்மாவில் ஒரு செட்டியார் கடையில் அடுத்தாளாக இருந்தவர். கடைகளுக்கு அந்தக் காலத்தில் நாலைந்து எழுத்தில் 'விலாசம்' இருக்கும். எழுத்தைப் பார்த்ததுமே எந்த ஊர், எந்த வீடு, பங்காளி யார் என்று சொல்லிவிடுவார்களாம். இணையத்திலும் முதலில் விலாசம் அப்படித்தான் இருந்தது. 2014-இல் நான் என் தளத்தைப் பதிவு செய்தபோது என் கைப்பேசி எண் ஊருக்கே தெரிந்தது. தளம் வடிவமைத்துத் தருகிறோம் என்று நாளுக்கு நாலு பேர் அழைத்து உயிரை வாங்கினார்கள். 2018 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அந்த விவரங்களை மறைத்தார்கள். எனக்கு நிம்மதிதான். வீட்டு முகவரியைக் கொடுத்துத் தளம் தொடங்கும் ஒரு பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதும் எனக்குப் புரிகிறது. திரையைக் கிழிக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை.

.காம், .நெட், .ஆர்க் போன்ற முகவரிகளுக்கு விதி வகுப்பது ஐகான் என்ற அமைப்பு. (.இன் நம் நாட்டு நிர்வாகத்தில் இருப்பதால் அதற்கு இந்த விதி பொருந்தாது.) அதன் பதிவுத் தரவுக் கொள்கை 2024 பிப்ரவரியில் வெளியாகி, 2025 ஆகஸ்ட் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. மறைத்த விவரத்தை யாராவது முறைப்படி கேட்டால் 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்கிறது. ஆக, என் பத்தொன்பது நாள் விதிப்படி தாமதமே இல்லை! அதைக்கூட விட்டுவிடுகிறேன். என் கல் விவகாரம் உயிர் போகிற காரியமல்ல.

உயிர் போகிற காரியத்துக்கு என்ன செய்வது? அதற்காக 'அவசரக் கோரிக்கை' என்று தனியே ஒரு வகை வைத்தார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து, கடுமையான உடற்காயம், மின்சாரம் போன்ற முக்கியக் கட்டமைப்புக்கு மிரட்டல், குழந்தைகள் மீதான சுரண்டல் ஆகியவை மட்டுமே அதில் அடங்கும். வரைவில் 24 மணி நேரம் என்று எழுதிவிட்டு, முடியாவிட்டால் வேலை நாள் கணக்கில் நீட்டிக்கலாம் என்று புறவாசல் ஒன்றையும் திறந்து வைத்தார்கள். நீட்டினால் மூன்று வேலை நாள் வரை போகும் என்று 2023-இல் ஐகானில் உள்ள அரசுகளின் ஆலோசனைக் குழு எதிர்த்தது. எதிர்த்தது சரிதான். வெள்ளிக்கிழமை மாலை ஒரு குழந்தையின் படம் ஏதோ ஒரு தளத்தில் ஏறினால் புதன்கிழமை வரை பெற்றவள் என்ன செய்வாள்? கடைசியில் அந்தக் காலக்கெடு இல்லாமலே கொள்கையை வெளியிட்டார்கள். அந்தப் பகுதியை எழுதும் வேலையைத் தனியே பிரித்து வைத்தார்கள்.

இழுபறிக்கு ஒரு நியாயமான காரணமும் உண்டு. கேட்பவர் உண்மையில் காவல் துறைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? 'டிஜிட்டல் கைது' என்று காக்கிச் சட்டையோடு வீடியோவில் வந்து பணம் பிடுங்குகிறவர்கள் மலிந்த நாட்டில் இந்தக் கேள்வியை நாம் பழிக்க முடியாது. காவல் துறையினரின் அடையாளத்தை உறுதிசெய்ய ஒரு பொது ஏற்பாடு வேண்டும் என்று இப்போது பேசுகிறார்கள்.

திருடன் உண்மைப் பெயரையா கொடுத்திருப்பான் என்று என் மைத்துனர் சிரித்தார். பெயர் பொய்யாக இருக்கலாம். கூடவே கொடுத்த மின்னஞ்சலும் தொலைபேசியும் ஒரு நூல் முனையாவது ஆகும் அல்லவா?

அந்த ஆலோசனைக் குழுவில் இந்தியாவும் உறுப்பினர். அங்கே நம் பிரதிநிதிகள் இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒன்று, அவசரக் கோரிக்கைக்கு மணிக் கணக்குதான், வேலை நாள் கணக்கு கூடாது. மற்றது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. அடையாள ஏற்பாடு வரும்போது அது தில்லியில் நாலு அதிகாரிகளோடு நின்றுவிடக் கூடாது. மாவட்ட சைபர் பிரிவின் உதவி ஆய்வாளருக்கும் அந்த அடையாளம் கிடைக்க வேண்டும். அவர் சென்னைக்கு எழுதி, சென்னை தில்லிக்கு எழுதி, அதற்குப் பிறகுதான் 24 மணி நேரம் ஓடத் தொடங்கும் என்றால் அந்த 24 எங்களுக்கு எதற்கு? இது பற்றி மாநிலக் காவல் துறை என்ன யோசித்திருக்கிறது என்று உங்கள் செய்தியாளர் கேட்டு எழுதினால் நன்றாயிருக்கும்.

இப்படிக்கு,
டைல்ஸ் பட்டறைக்காரர்,
ஆத்தங்குடி, சிவகங்கை மாவட்டம்