அடைப்புக்குறிக்குள் போன பணம்

கோயம்புத்தூர்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் காதுகுத்து நல்லபடியாக நடந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். வர முடியவில்லையே என்ற குறை இருக்கிறது, தை மாதம் மதுரைப் பக்கம் வரும்போது தீர்த்துக்கொள்கிறேன். உன் முழங்கால் வலிக்கு டாக்டர் சொன்ன பயிற்சிகளை விடாமல் செய். இங்கே எல்லோரும் சௌக்கியம். மழை நின்று காலையில் நல்ல குளிர். மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர் கணக்குப் பார்த்துத் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். எனக்கும் அது பிடித்திருக்கிறது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதியைப் பங்கில் போடலாமா என்று யோசித்து, அந்த வாகன உதிரிபாகக் கம்பெனியின் ஆண்டறிக்கையை நீயே உட்கார்ந்து படித்திருக்கிறாய். அதற்கே உன்னைப் பாராட்ட வேண்டும். பெரும்பாலானவர்கள் லாபத்தையும் டிவிடெண்டையும் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுவார்கள். நீ பண ஓட்ட அறிக்கை வரைக்கும் போயிருக்கிறாய். தொழில் நடத்தியதில் வந்த பணம், அதாவது 'இயக்க நடவடிக்கைகள்' என்ற பகுதி, நன்றாக இருக்கிறது, ஆனால் 'முதலீட்டு நடவடிக்கைகள்' என்ற பகுதி மூன்று வருஷமும் அடைப்புக்குறிக்குள் நிற்கிறது, அதாவது மைனஸ். "சம்பாதிப்பதை எல்லாம் எங்கேயோ கொண்டுபோய்க் கொட்டுகிறார்களா?" என்று கேட்டிருக்கிறாய்.

மைனஸைப் பார்த்து மட்டும் பயப்படாதே. நீ இத்தனை வருஷம் வங்கியில் இருந்தவள், அதனால் உனக்கு இது கொஞ்சம் புதிதாகத் தெரியும். வங்கியின் தொழிலே கடன் கொடுப்பதுதான், அந்தப் பணம் இயக்க நடவடிக்கையில் வந்துவிடும். ஒரு தொழிற்சாலைக்கு அப்படி இல்லை. இயந்திரம், நிலம், கட்டடம் வாங்கியது, வேறு கம்பெனியை வாங்கியது, மியூச்சுவல் ஃபண்டில் போட்டது, மூன்று மாதத்துக்கு மேற்பட்ட வைப்பு வைத்தது, யாருக்காவது கடன் கொடுத்தது எல்லாமே இந்தப் பகுதியில் வெளியே போன பணம். அவற்றை விற்றால், வைப்பு முதிர்ந்தால், கடன் திரும்பினால் உள்ளே வந்த பணம். நம் நாட்டு விதிப்படி இப்படிப்பட்ட கம்பெனிக்கு வரும் வட்டியும் டிவிடெண்டும்கூட இங்கேதான் வரும். அமெரிக்க விதியில் அவற்றை இயக்கத்தில் சேர்ப்பார்கள், ஆகவே வெளிநாட்டுக் கம்பெனியோடு ஒப்பிடும்போது கவனம் வேண்டும்.

எங்கள் மில்லில் நடந்ததைச் சொல்கிறேன், உனக்கு உடனே பிடிபடும். நூற்பாலைக்குப் பருத்திக்கு அடுத்து நெஞ்சை அடைக்கிற செலவு கரண்ட் பில். அந்தக் காலத்தில் கோவை, திருப்பூர் பக்கத்து மில்காரர்கள் பலர் காற்றாலை போட ஆரம்பித்தார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பி உடுமலை, பல்லடம் பக்கமும், ஆரல்வாய்மொழிக் காற்றை நம்பி முப்பந்தல் பக்கமும். முதல் வருஷமே விலையில் 80 சதவீதத்தைத் தேய்மானமாக, அதாவது சொத்து பழசாவதற்கான செலவாக, கழித்துக்கொள்ளலாம் என்று வருமான வரியில் சலுகை வேறு இருந்தது. எங்கள் முதலாளியும் போட்டார். அந்த வருஷம் முதலீட்டு நடவடிக்கையில் மைனஸ் பெரிதாக விழுந்தது. கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பையன் பார்த்துவிட்டு, கம்பெனி கஷ்டத்தில் இருக்கிறதா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டான்.

அவனைக் கையைப் பிடித்து உட்கார வைத்து இரண்டு காகிதங்களைக் காட்டினேன். ஒன்று காற்றாலைக்கான இன்வாய்ஸ். இன்னொன்று காற்று சீசனில் வந்த மின்வாரியத்தின் ஹெச்.டி. பில், அதாவது உயரழுத்த மின்சார பில். மில் ஓடிய மொத்த யூனிட் ஒரு வரியில், அதற்குக் கீழே எங்கள் காற்றாலை கொடுத்த யூனிட் கழிக்கப்பட்டிருந்தது. நாங்கள் கட்ட வேண்டிய தொகை அந்த அளவுக்குக் குறைந்திருந்தது. பணம் வெளியே போனது முதலீட்டுப் பகுதியில், ஒரே வருஷத்தில். திரும்பி வந்தது இயக்கப் பகுதியில், மாதாமாதம், பல வருஷத்துக்கு. இரண்டும் வெவ்வேறு தலைப்பில் இருப்பதால் அவை ஒரே கதை என்று கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆகவே நீ கேட்க வேண்டியது, போன பணம் எந்த வழியில் திரும்பி வரப் போகிறது என்பதுதான். வெளியே போன ஒவ்வொரு பெரிய வரிக்கும் இதைக் கேள்.

ப்ளஸ்ஸாக இருந்தால் நல்லது என்று நினைத்துவிடாதே, அதையும் சொல்லிவிடுகிறேன். நம்ம ஊரில் இழுத்து மூடிய மில்களின் கடைசி வருஷக் கணக்குகள் சிலவற்றை நான் பார்த்திருக்கிறேன். முதலில் ரிங் ஃபிரேம் என்ற பழைய நூற்பு இயந்திரங்களை விற்பார்கள், அப்புறம் குடோன், அப்புறம் ரோட்டோர நிலம். முதலீட்டுப் பகுதி ஜம்மென்று ப்ளஸ்ஸில் நிற்கும். இயக்கப் பகுதியில் சம்பளம் கொடுக்கக்கூடப் பணம் இருக்காது. விதை நெல்லை விற்றுச் சாப்பிடுகிற நிலைமை அது. அந்தத் தொழிலாளிகளை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

இன்னொரு வகை ப்ளஸ்ஸும் உண்டு, அதில் பயமும் இல்லை பெருமையும் இல்லை. ஆப்பிள் கம்பெனியின் கணக்கை எடுத்துக்கொள். 2022 நிதியாண்டில் முதலீட்டு நடவடிக்கைகளில் சுமார் 2,235 கோடி டாலர் வெளியே போனது. 2023 செப்டம்பரில் முடிந்த ஆண்டில் சுமார் 370 கோடி டாலர் உள்ளே வந்தது. ஒரே வருஷத்தில் தலைகீழ்! ஆலை, கருவி, கட்டடம் வாங்குவதை நிறுத்திவிட்டார்களா என்றால் இல்லை. முதல் வருஷம் அதற்குச் சுமார் 1,071 கோடி, அடுத்த வருஷம் சுமார் 1,096 கோடி, கிட்டத்தட்ட ஒன்றுதான். மாறியது கையிருப்புப் பணத்தைப் போட்டு வைக்கிற கடன்பத்திரக் கணக்கு. 2022-ல் 7,692 கோடிக்குப் பத்திரம் வாங்கினார்கள். 2023-ல் 2,951 கோடிக்குத்தான் வாங்கினார்கள், முதிர்ந்ததிலும் விற்றதிலும் 4,551 கோடி வந்தது. இடது கைப் பணம் வலது கைக்கு மாறியது, அவ்வளவுதான். மியூச்சுவல் ஃபண்டில் பணத்தை நிறுத்தி வைக்கும் நம் கம்பெனிகளிலும் இதே ஆட்டம் இருக்கும். அதனால்தான் மொத்தத் தொகையை நான் நம்புவதில்லை. பத்திரம், வைப்பு வரிகளைத் தள்ளி வைத்துவிட்டு மீதியைப் பார்ப்பேன்.

இப்போது கொஞ்சம் கவலையான பக்கம். உனக்கு வேர்ல்டுகாம் நினைவிருக்கிறதா? அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தில் கிளின்டன் என்ற ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட தொலைபேசிக் கம்பெனி. தன் வாடிக்கையாளர்களின் அழைப்புகளை அடுத்த கம்பெனிகளின் லைன்களில் கொண்டுபோக அவர்களுக்குக் கட்டணம் கொடுக்க வேண்டும். கட்டிய மாதத்தோடு முடிந்துபோகிற செலவு அது, நமக்குக் கரண்ட் பில் மாதிரி. 2001-ல் அப்படிப்பட்ட செலவில் சுமார் 305 கோடி டாலரை எடுத்து, சொத்து வாங்கியதாக எழுதினார்கள். 2002-ன் முதல் மூன்று மாதத்தில் மேலும் சுமார் 80 கோடி. லாப நட்டக் கணக்கிலிருந்து செலவு மறைந்தது, நஷ்டம் லாபமானது. இது எல்லோரும் சொல்வது.

நான் உன்னைக் கவனிக்கச் சொல்வது பண ஓட்ட அறிக்கையில் நடந்ததை. "லாபத்தைத் திரிக்கலாம், பணத்தைத் திரிக்க முடியாது" என்று நமக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்களே. இங்கே பணம் உண்மையிலேயே வெளியே போனது, மொத்தத்தில் ஒரு டாலர்கூட மாறவில்லை. இயக்கப் பகுதியில் இருக்க வேண்டிய செலவு முதலீட்டுப் பகுதிக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். அதனால் இயக்கப் பணமும் அழகாகத் தெரிந்தது. இயக்கப் பணத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்தவர்கள் ஏமாந்தார்கள். இயக்கத்தில் வந்த பணத்திலிருந்து மூலதனச் செலவை, அதாவது இயந்திரம், கட்டடம் போன்ற சொத்து வாங்கிய பணத்தை, கழித்துப் பார்க்கிறவருக்கு இந்த வித்தை செல்லாது. செலவை எந்தப் பகுதியில் எழுதினாலும் கழித்த பிறகு விடை ஒன்றுதான். அதனால் நான் எந்தக் கம்பெனிக்கும் முதலில் போடுகிற கணக்கு இந்தக் கழித்தல்தான்.

இதைக் கண்டுபிடித்தது வெளித் தணிக்கையாளர் இல்லை, கம்பெனிக்கு உள்ளேயே உள்தணிக்கைத் துறையை நடத்திய சிந்தியா கூப்பர் என்ற பெண்மணி. மூலதனச் செலவுகளைச் சரிபார்க்கும்போது 'ப்ரீபெய்டு கெபாசிட்டி' என்ற தலைப்பில் பெரிய பெரிய தொகைகள் நின்றன. அது என்ன என்று கேட்டால் சரியாகப் பதில் சொல்ல ஆளில்லை. அவரும் அவருடைய குழுவும் இரவில் உட்கார்ந்து பதிவுகளைத் தேடினார்கள். 2002 ஜூன் 25-ல் கம்பெனி ஒத்துக்கொண்டது, ஜூலை 21-ல் திவால் மனு. கடைசியில் மோசடி சுமார் 1,100 கோடி டாலர் என்று தெரிந்தது. தலைமை அதிகாரி பெர்னார்ட் எபர்ஸுக்கு 2005-ல் 25 வருஷச் சிறைத்தண்டனை. கணக்குப் புத்தகத்துக்கு முன்னால் உட்கார்ந்து, தலைப்பு புரியவில்லை என்றால் புரியும் வரை கேட்கிற அந்தப் பெண்மணி மேல் எனக்கு அளவில்லாத மரியாதை. நம் வகுப்பில் இவரைப் பற்றி நமக்குச் சொல்ல வாய்ப்பில்லாமல் போனது, அப்போது இதெல்லாம் நடக்கவே இல்லை!

நம் நாட்டில் சத்யம் என்ற மென்பொருள் கம்பெனி. பொய்க் கணக்கு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் 2008 டிசம்பர் 16-ல் அவர்கள் அறிவித்ததை நீ மறந்திருப்பாய். தலைவர் குடும்பத்தின் மேட்டாஸ் கம்பெனிகள் இரண்டைச் சுமார் 160 கோடி டாலருக்கு வாங்கப் போவதாகச் சொன்னார்கள். பங்குதாரர்கள் கொதித்தெழ, உடனே கைவிட்டார்கள். 2009 ஜனவரி 7-ல் வந்த தலைவர் ராமலிங்க ராஜுவின் கடிதத்தில், கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் கையிருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று இருந்தது. மேட்டாஸ் வாங்குவது, இல்லாத சொத்துக்குப் பதில் உள்ள சொத்தை வைக்கும் கடைசி முயற்சி என்று அவரே எழுதினார். யோசித்துப் பார். அது நடந்திருந்தால் இல்லாத பணம் எங்கே 'போயிருக்கும்'? முதலீட்டு நடவடிக்கையில், 'கம்பெனி வாங்கியது' என்ற ஒற்றை வரியில். யாரும் அதன் பிறகு அந்தக் கையிருப்பைத் தேடியிருக்க மாட்டார்கள்.

அதனால்தான் உறவினர் கம்பெனி, குழுமக் கம்பெனி, அவற்றுக்குக் கொடுத்த கடன், வைப்பு என்று வரி வந்தால் நான் அங்கேயே நின்றுவிடுவேன். இயந்திரத்துக்குப் போன பணத்தைத் தொழிற்சாலையில் போய்ப் பார்க்கலாம். சொந்தக்காரர் கம்பெனிக்குப் போன பணம் வட்டியோடு திரும்பியதா என்பது பின்னால் வரும் குறிப்புகளில்தான் தெரியும். 'தொடர்புடைய தரப்பினர்' குறிப்பை வரி விடாமல் படி.

இந்தப் பகுதியில் வராதவையும் உண்டு. இந்துஸ்தான் யூனிலீவர் 2020-ல் ஹார்லிக்ஸ் விற்கிற கிளாக்ஸோ கம்பெனியை இணைத்துக்கொண்டபோது, அங்கே இருந்த ஒரு பங்குக்குத் தங்கள் 4.39 பங்குகளைக் கொடுத்தார்கள். பல்லாயிரம் கோடி மதிப்பு, ஆனால் பணமாகக் கைமாறவில்லை என்பதால் பங்காகக் கொடுத்தது பண ஓட்டத்தில் வராது. ஹார்லிக்ஸ் பிராண்டுக்குத் தனியாகக் கொடுத்த 3,045 கோடி ரூபாய்தான் ரொக்கம்.

இனி உன் உதிரிபாகக் கம்பெனி. நீ எழுதி அனுப்பிய தொகைகளை வைத்துப் பார்த்தால் மைனஸில் முக்கால்வாசி இயந்திரமும் கட்டடமும்தான். மூன்று வருஷமும் மூலதனச் செலவு தேய்மானத்தைவிட நன்றாகவே அதிகம். அப்படியென்றால் பழையதை மாற்றுவதோடு நிற்காமல் புதிதாகக் கட்டுகிறார்கள். இயக்கப் பணம் அதைத் தாங்குகிறது, கடனும் பெரிதாக ஏறவில்லை. இது வரைக்கும் எனக்குத் திருப்தி.

ஒன்று மட்டும் பாக்கி. 'நடப்பிலுள்ள மூலதனப் பணி' என்ற தொகை வருஷா வருஷம் கூடிக்கொண்டே போகிறது, அதாவது பணம் போய்விட்டது, ஆலை இன்னும் ஓடவில்லை. 2021-லிருந்து எத்தனை வருஷமாக அந்தப் பணி நிற்கிறது என்று ஒரு அட்டவணை கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு வருஷத்துக்குள், ஒன்று முதல் இரண்டு, இரண்டு முதல் மூன்று, மூன்றுக்கு மேல் என்று நான்கு கட்டங்கள் இருக்கும். நீ அனுப்பிய பக்கங்களில் அது இல்லை. அதைத் தேடிப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. கடைசி இரண்டு கட்டங்களில் பெரிய தொகை இருந்தால், அவசரப்பட்டு வாங்காதே, பங்குதாரர் கூட்டத்தில் என்ன சொன்னார்கள் என்று பார்த்துக்கொண்டு அப்புறம் பேசலாம். இல்லையென்றால் நீ நினைத்த தொகையில் பாதியை மட்டும் முதலில் போடு.

அண்ணாவைக் கேட்டதாகச் சொல். தைப்பூசத்துக்கு முந்தின வாரம் வருகிறேன், அந்த ஆண்டறிக்கையைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாமல் எடுத்து வை.

என்றும் அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி