மலைக்கு வெளிக்கிட முன்னம்

கொக்குவில்,
தை மாதம்.

அன்பின் மச்சான்,

நாங்கள் எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் நோ கொஞ்சம் குறைந்திருக்கிறது. மாரி மழையில் கிணறு கைக்கெட்டும் அளவுக்கு நிரம்பிவிட்டது. உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மாசியில் நுவரெலியாப் பக்கம் மலைமேல் இருக்கிற ஹோர்ட்டன் சமவெளிக்குப் போவோம் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியில் அப்படியே நின்றுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்தில் போகவேண்டுமென்று எத்தனை நாள் கதைத்திருப்போம்! அப்போது சண்டையால் பாதையே பூட்டிக் கிடந்தது.

என்னென்ன கொண்டுவர வேண்டுமென்று கேட்டிருந்தாய். நீ மட்டக்களப்பு, நான் யாழ்ப்பாணம். சின்ன வயதில் எங்களுக்குத் தெரிந்த மலை கீரிமலை, அங்கே இருப்பதோ கடலும் கேணியும். அதனால் குளிரைப் பற்றித்தான் முதலில் எழுதவேண்டும். 1000 மீற்றர் ஏற ஏறச் சுமார் 6.5 பாகை குறையும் என்று படித்தோமே, சமவெளி 2100 மீற்றருக்கு மேலே இருக்கிறது. எங்கள் ஊர் வெக்கையில் 13 பாகையைக் கழித்துப் பார். மாசி விடியலில் புல் நுனியில் வெண்பனி உறைவதும் உண்டு.

ஆனாலும் குளிரை விட ஈரத்துக்குத்தான் நான் பயப்படுகிறேன். முந்தி ஒருமுறை அக்காவின் மகனைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். ஜீன்சும் பருத்திச் சேட்டும் போட்டிருந்தான். நானும் ஒன்றும் சொல்லவில்லை, அது என் பிழை. பேக்கர் நீர்வீழ்ச்சி தாண்டித் திரும்பி வருகையில் மழை பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் பெடியனின் உதடு நீலம் பாரித்து, பையின் சிப்பைத் திறக்கக்கூட விரல் மடங்கவில்லை. பருத்தி நனைந்தால் தண்ணீரைப் பிடித்து வைத்து உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சேட்டைக் கழற்றி, துவாயால் நெஞ்சையும் முதுகையும் அழுத்தித் துடைத்து, என் பையிலிருந்த காய்ந்த பெனியனைப் போட்டுவிட்டு, சாறத்தை இரண்டாக மடித்துப் போர்த்தினேன். பனங்கட்டித் துண்டொன்றை வாயில் வைத்துவிட்டேன். அது கரைந்து முடிகிற வரைக்கும் அவனால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அந்தச் சாறம் இல்லாமல் போயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

ஆகவே மச்சான், எதை விட்டாலும் ஒரு சோடி காய்ந்த உடுப்பை விடாதே. பெனியன், சுவெற்றர், காலுறை, சாறம் நாலையும் நீர் புகாத துணிப்பையில் இறுக்கிக் கட்டிப் பையின் அடியில் வை. அதுக்கு மேலே மழைக்கோட்டு. குடை வேண்டாம், அந்த வெட்டவெளிக் காற்றுக்கு நிற்காது. நடக்கும்போது சீக்கிரம் காயும் விளையாட்டு உடுப்புப் போதும். புதுச் சப்பாத்து வாங்குவதென்றால் இன்றைக்கே வாங்கி, வாவிக்கரையில் தினமும் நடந்து பழக்கு.

பொலித்தீனைச் சமவெளிப் பூங்கா வாசலிலேயே எடுத்துவிடுவார்கள், பையைத் திறந்து பார்ப்பார்கள். சரியான வேலைதான். அங்கே மரை மான்கள் ஆட்களுக்குக் கிட்டவே வந்து நிற்கும். சாப்பாட்டு மணத்துக்குப் பொலித்தீனையும் சேர்த்து விழுங்கிவிடும். அதனால் சாப்பாட்டை என்னிடம் விடு. றொட்டியும் கட்டிச் சம்பலும் வாழையிலையில் சுற்றிவருகிறேன். எள்ளுருண்டை, வறுத்த கச்சான், புழுக்கொடியல், ஆளுக்கொரு குட்டான் பனங்கட்டி. ஓலைக் குட்டானுக்குப் பொலித்தீனே தேவையில்லை, கைக்குள் அடங்கும், நசியாது. தண்ணீர் மட்டும் ஆளுக்கு இரண்டு லீற்றர், கழுவிப் பாவிக்கிற போத்தலில். குளிரில் தாகம் தெரியாது, ஆனால் உடம்பு கேட்கும்.

தொப்பி, ரோச், பிளாஸ்டர், பனடோல், ஒரு விசில். உன் பிரஷர் குளிசையை மறக்காதே, ஒரு நேரத்துக்குக் கூடுதலாகவே வை. வெயில் சுடாதது போல இருந்தாலும் அந்த உயரத்தில் தோலை எரித்துவிடும், பிள்ளைகளுக்குக் கிறீம் பூசிவிடு.

சுற்றுப்பாதை சுமார் 9 கிலோமீற்றர். பத்து மணிக்குள் ‘உலக முடிவு’ என்கிற செங்குத்துப் பாறை விளிம்பில் நிற்கவேண்டும். பிந்தினால் பள்ளத்திலிருந்து பனிப்புகார் ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும், வெள்ளைத் திரையைத்தான் பார்த்துவிட்டு வருவோம். நுவரெலியாவில் முதல்நாள் தங்கி விடிய நாலரைக்கு வெளிக்கிடுவோம். வான் வண்டிக்கு இங்கே ஒரு தம்பியிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

சின்னவளுக்குச் சுவெற்றர் இருக்கிறதா? இல்லையென்றால் அளவு எழுதி அனுப்பு, என் மகளுடையது ஒன்று சும்மா கிடக்கிறது. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லு.

அன்புடன்,
உன் மச்சான்