லைன் வீடுகளை இடித்துவிட்டு யாருக்குச் சுற்றுலா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கோலார் தங்கவயல் கட்டுரையை, எங்கள் ஊராயிற்றே என்று ஆசையோடு படித்தேன். வெள்ளைக்கார அதிகாரிகளின் பங்களாக்களுக்கும் கிளப்புக்கும் பக்கம் பக்கமாக இடம் கொடுத்திருக்கிறீர்கள். சரி, அவையும் பழைய கட்டடங்கள்தான். ஆனால் சுற்றிலும் உள்ள லைன் வீடுகளை, அதாவது சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, அப்புறப்படுத்தினால் நல்ல சுற்றுலாத் தலமாகும் என்று எழுதியிருந்ததைப் படித்ததும் மனம் ஆறவில்லை.

நான் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் பகுதியில் ஒரு லைனில் பிறந்தவள். தாத்தா வட ஆற்காட்டிலிருந்து வந்து சுரங்கத்தில் இறங்கியவர். அவர் காலத்தில் மூங்கில் தட்டிதான் சுவர். எங்கள் காலத்தில் கல் சுவர். அறை மட்டும் அதே ஒற்றை அறை. சமையல், பிரசவம், படிப்பு, நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பாவின் பகல் தூக்கம் எல்லாம் அதற்குள்ளேதான். ஏர் பிளாஸ்ட் வந்தால், அதாவது சுரங்கத்துக்குள் அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்தால், அலமாரிப் பாத்திரங்கள் உருளும். பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பாறை வெடித்ததற்கு எங்கள் வீட்டுச் சுவரில் இன்றும் விரிசல் சாட்சி. இந்தச் சாட்சி எந்த பங்களாவில் இருக்கிறது?

தாங்கள் அறியாததல்ல, 1902லேயே காவிரிக்கரைச் சிவசமுத்திரத்தின் நீர்மின் நிலையத்திலிருந்து இந்தச் சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்துவிட்டது. அதற்கு எத்தனையோ வருஷம் கழித்தும் லைனில் மண்ணெண்ணெய் விளக்கில்தான் அப்பா படித்தார். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடியபோது எங்களை யார் கேட்டார்கள்? அப்புறம் வீட்டுக் காகிதத்துக்காக அம்மா ஏறி இறங்கிய ஓர் அலுவலகத்தில், அப்படியொரு லைனே வரைபடத்தில் இல்லை என்றார்கள். இப்போது நீங்களும் இல்லாமல் ஆக்கப் பார்க்கிறீர்கள். விடியுமுன்னே ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிறவர்கள் இன்னும் அந்த வீடுகளில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு நல்ல வீடு வேண்டும், கழிப்பறை வேண்டும். அதோடு ஒரு லைனையாவது பொதுக்குழாயோடு அப்படியே காப்பாற்ற வேண்டும்.

அடுத்த இதழில் ஒரு லைனின் படமாவது போடுங்கள், ஐயா. புகைப்படக்காரரை அனுப்பினால் நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன். மழைக்கு முன்னால் அனுப்பினால் நல்லது. லைனின் கடைசி வீடுகளில் கூரை சரியத் தொடங்கிவிட்டது.

இப்படிக்கு,
தங்கவயல் வாசகி