அம்மா வீட்டு வைஃபை

குலசேகரம்,
ஞாயிறு இரவு

அன்பு மக்கா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இடவப்பாதி மழை இந்த வருஷம் விடாமல் பெய்கிறது. மழைநீர் படாமல் காக்கும் ரெயின் கார்டு கட்டாத ரப்பர் மரங்களில் பால்வெட்டு நின்று இரண்டு வாரமாயிற்று. மற்ற விசேஷங்களைப் பிறகு எழுதுகிறேன், முதலில் உன் அம்மா விஷயம்.

அம்மா போனில் வைஃபை முழுதாகக் காட்டுகிறது, ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை, மொபைல் டேட்டா போட்டால் எல்லாம் ஓடுகிறது என்று எழுதியிருந்தாய். அப்படியென்றால் போனில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. புதுப் போன் வாங்கி அனுப்ப வேண்டாம். என் வீட்டிலும் போன வாரம் இதே கதைதான்.

திங்கள் சாயங்காலம் இடியோடு மழை, மூன்று தடவை கரண்ட் போய் வந்தது. அதற்குப் பிறகு நெட் இல்லை. மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்கு மறுநாள் கடைசி நாள், அவள் கண் கலங்கி நிற்கிறாள். நெட் வரும் ரவுட்டர் பெட்டியில், ஃபைபர் இணைப்பு இருப்பதைக் காட்டும் பான் விளக்கு பச்சையாக நிலைத்து எரிகிறது, சிக்னல் போனால் எரியும் லாஸ் விளக்கு எரியவில்லை. ஃபைபர் அறுந்திருந்தால் அந்த லாஸ் சிவப்பாக மின்னியிருக்கும். போனில் வைஃபை குறியோடு ஓர் ஆச்சரியக்குறி மட்டும். நமக்கும் பெட்டிக்கும் நடுவே எல்லாம் சரி, அதற்கு அப்பால்தான் ஏதோ தடை என்று அதற்கு அர்த்தம். கேபிள்காரருக்கு போன் செய்தால், "லைன் சரியாத்தான் காட்டுது" என்றார். பெட்டியை அணைத்து ஐந்து நிமிடம் கழித்துப் போட்டும் பார்த்தாயிற்று.

பிறகு கம்ப்யூட்டரில் கட்டளை அடிக்கும் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, கூகுளின் 8.8.8.8 என்ற எண்ணுக்கு பிங் அடித்தேன், அதாவது 'இருக்கிறாயா' என்று கேட்டுப் பார்த்தேன். உடனே பதில் வந்தது! அதே பிங்கை கூகுள் டாட் காம் என்று பெயர் போட்டு அடித்தால், அப்படி ஒரு இடமே இல்லை என்கிறது. அங்கேதான் பிடி கிடைத்தது.

நம் ஊரில் வீட்டு நம்பர் யாருக்குத் தெரியும்? இன்ன விளை, இன்ன வீட்டுப்பெயர் என்று எழுதினால் போதும், பழைய தபால்காரர் கொண்டுவந்து சேர்த்துவிடுவார். அவர் லீவில் போய்ப் புது ஆள் வந்தால், வீடு இருக்கும், வழி இருக்கும், கடிதம் மட்டும் வராது. இணையத்தில் அந்தத் தபால்காரர் வேலையைச் செய்வது டிஎன்எஸ். நாம் அடிக்கும் பெயருக்கு உரிய எண்ணைத் தேடித் தருவது அதுதான். 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் வடிவமைத்த ஏற்பாடு, இன்றைக்கும் உலகம் முழுக்க அதுதான் ஓடுகிறது. என் பெட்டி நம்பியிருந்த டிஎன்எஸ் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போய் டிஎன்எஸ் இடத்தில் கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் 1.1.1.1 இரண்டையும் போட்டு சேவ் செய்தேன். போனில் எல்லாம் திறந்துவிட்டது.

ஆனால் கம்ப்யூட்டரில் விண்ணப்பப் பக்கம் அப்போதும் திறக்கவில்லை. ஒரே வைஃபை, போனில் வருகிறது, இதில் வரவில்லை. திரையில் வந்த எச்சரிக்கையை நிதானமாக வாசித்தபோதுதான் கடிகாரத்தைப் பற்றி ஏதோ எழுதியிருப்பது தெரிந்தது. பார்த்தால் தேதி 2013 ஜனவரி! உள்ளே இருக்கும் காசு அளவு பேட்டரி செத்திருக்கிறது, கரண்ட் போனதும் தேதி பின்னால் ஓடிவிட்டது. பாதுகாப்பான பக்கங்கள் அசல்தான் என்று காட்டும் சான்றிதழுக்கு இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை என்று கணக்கு உண்டு. 2013-ல் நிற்கும் கம்ப்யூட்டருக்கு அது இன்னும் பிறக்காத சான்றிதழ், எப்படி நம்பும்? தேதியைத் திருத்தினேன், பக்கம் வந்தது. ராத்திரி பதினொன்றரைக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. மகள் சிரித்ததைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

செவ்வாய்க்கிழமை மார்த்தாண்டம் போகிறேன், அம்மா வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிடுகிறேன். லாஸ் சிவப்பாக மின்னினால் மரக்கிளை விழுந்து கேபிள் அறுந்திருக்கும், கேபிள்காரரைக் கையோடு கூட்டிவந்துவிடுவேன். மின்னவில்லை என்றால் அரை மணி நேர வேலை. அதுவரை பெட்டியின் பின்னால் உள்ள ரீசெட் துளையில் யாரும் ஊசி குத்தாமல் இருக்கச் சொல். குத்தினால் கனெக்‌ஷனின் யூசர் நேம், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்துபோகும், அப்புறம் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது.

போன மாதம் போனபோது அம்மா மரச்சீனியும் நெத்தோலிக் கறியும் வைத்துத் தந்தார்கள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை உன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். செவ்வாய் சாயங்காலம் இங்கே ஏழு மணி, மஸ்கட்டில் ஐந்தரை. போனைக் கையில் வைத்திரு. வைஃபையிலேயே அம்மா கூப்பிடுவார்கள்.

உன் பழைய பெஞ்சுத் தோழன்